மேனேஜர் அறைக்குள் ஒரு நோட்டீஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற 2021 சட்டத்திருத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நாங்கள் நாலைந்து பேர் செல்போனில் படித்தோம். நான் கும்பகோணத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். கூட வேலை பார்த்த பெண்ணை ஆறாம் மாசத்தில், “போய்ப் பெத்துட்டு வா, அப்புறம் பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரியும். இதையெல்லாம் எழுதி ஒட்ட வேண்டாமா என்று கேட்டேன். “மேனேஜர் ரூம்ல ஒட்டியிருக்கு. உனக்கு எதுக்கு அது?” என்றார் சூப்பர்வைசர். நடவுக்குப் போகும் என் அம்மாவோ, காகிதம் ஒட்டினால் மட்டும் என்ன ஆகிவிடும் என்கிறார்.

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

மேனேஜர் அறையில் ஒட்டியதை ஒட்டியதாகவே எடுத்துக்கொள்ள முடியாது. மகப்பேற்றுச் சலுகைகளின் சுருக்கத்தை, பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியிலும், கண்ணில் படும் இடத்தில், வட்டார மொழியில் வைக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, பழைய சட்டங்களை ஒன்றாக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே கடமை இருக்கிறது. உங்கள் சேலைப் பிரிவில் ஒன்று, ரெடிமேட் மாடியில் ஒன்று, பில் போடும் இடத்தில் ஒன்று, எல்லாம் தமிழில். சம்பளத்துக்கான சட்டமான ஊதியத் தொகுப்பும் அப்படித்தான்: எந்த வேலைக்கு என்ன சம்பளம், எந்தத் தேதியில் தருவார்கள், ஆய்வாளர் யார், அவர் முகவரி என்ன என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும்.

“உனக்கு எதுக்கு அது?” என்ற அந்தக் கேள்விதான் என் மனதை விட்டுப் போகவில்லை. கேட்டவரைக் குறித்து வைத்துக்கொள்ளும் பேச்சு அது. அடுத்த வாரம் விடுப்பு மறுக்கப்படும், ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் தரைத்தளத்துக்கு மாற்றப்படுவீர்கள். சுவரில் இருக்கும் தாளை யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ஒருத்தி படிப்பாள், அடுத்தவளுக்குச் சொல்வாள். யார் முதலில் படித்தார் என்று எந்த சூப்பர்வைசராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தான் அதை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேட்டவர்களுக்கு என்ன நேரும் என்பது நம் மண்ணில் உங்கள் அம்மா தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான், 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எழுத்தில் இருக்கும் கூலிக்கும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கூலிக்கும் நடுவே அவ்வளவு உயிர்கள் இருக்கின்றன. அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: விவசாயத்துக்கு ஐந்து பேருக்கு மேல் வைத்துக்கொள்ளாத முதலாளிக்கு இப்போதைய ஊதியத் தொகுப்பு இந்த அறிவிப்புக் கடமையிலிருந்து விலக்குத் தருகிறது. எனக்கு அது சம்மதமில்லை. ஆனால் நடவுக்கு இறங்கும் ஆட்கள் எங்கே ஐந்தோடு நிற்கிறார்கள்?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்குழு இருந்தாக வேண்டும். அதை அமைத்த ஆணையும், குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். புகார் கொடுக்க மூன்று மாதம்தான் கெடு. தகுந்த காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். யாரிடம் போவது என்று தெரியாமலேயே அந்த மூன்று மாதமும் ஓடிவிடுகிறது. புகார் முதலாளி மேலேயே என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தும் வழி கேட்கலாம்.

உங்கள் தோழி விஷயம்தான் அவசரம். கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு அனுப்பினாலும், அனுப்பாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் மகப்பேற்றுத் தொகையை அதைச் சொல்லி மறுக்க முடியாது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் வரை சம்பளத்துடன் விடுப்பு (மூன்றாவது குழந்தை என்றால் 12 வாரம்). ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அந்த அலுவலகம் வழியாக, அதன் விதிப்படி வரும். வேலையை விட்டு நீக்கியதாகச் சொன்ன நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவருடைய சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் போட்டோ, டாக்டர் எழுதிய பிரசவத் தேதி, கடைசியாக வேலைக்கு வந்த நாள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்துக்கு இந்த வாரமே போகச் சொல்லுங்கள். நீங்கள் அவரோடு போக வேண்டாம். அவர் வீட்டார் யாராவது போகட்டும்.