குழிக்குள் காமிரா

அன்புள்ள ஐயா,

நான் தொல்லியல் முதுகலை மாணவி. எங்கள் பேராசிரியரின் அகழாய்வைத் தொடராக எடுக்க ஒரு தொலைக்காட்சி முன்வந்தது. “அறிக்கை வெளிவரும்வரை காமிராவுக்கு இடமில்லை, டி.வி. எல்லாவற்றையும் கொச்சைப்படுத்திவிடும்” என்று மறுத்துவிட்டார். பாதி சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வை மக்களுக்குச் சொல்ல வேண்டாமா? ஆய்வாளர்களுக்குக் காமிரா முன் பேசப் பயிற்சி தேவையா? இப்போது யூடியூப் போதாதா?

ச.

அன்புள்ள ச.,

யூடியூபை விடுங்கள், அது இன்னொரு திரை. பயிற்சியும் வேண்டாம். பி.பி.சி. 1952ல் ‘அனிமல், வெஜிடபிள், மினரல்?’ என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. அருங்காட்சியகப் பொருள் ஒன்றைக் கையில் கொடுத்து, இது என்ன என்று அறிஞர்களைக் கேட்பார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. நம் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே மார்டிமர் வீலர் அதில் உட்கார்ந்து பேசியே 1954ல் பிரிட்டனின் ‘ஆண்டின் தொலைக்காட்சி ஆளுமை’ ஆனார். எந்த வகுப்புக்குப் போனார்?

கொச்சை விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அகழாய்வில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குழியில் வேலைசெய்த அம்மா ஒருவர் பானை ஓட்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். பிறகு வந்த படப்பிடிப்புக்காரர்கள் அதைத் திரும்ப மண்ணில் வைத்து, மேலே ஒரு பிடி மண் தூவி, மறுபடி எடுக்கச் சொன்னார்கள். “ஆச்சரியமா பாருங்கம்மா” என்று வேறு. குழியின் சுவரில் மண் நிறம் மாறும் கோடு தெளிவாகத் தெரிந்தது. அந்த ஓட்டின் காலத்தைச் சொல்வதே அது எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான். காமிரா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

இதுதான் கொச்சை. எளிமையாகச் சொல்வது கொச்சை இல்லை. உங்கள் பேராசிரியர் இரண்டையும் குழப்புகிறார், நீங்களும் பாதி தலையாட்டுகிறீர்கள்!

இங்கிலாந்தின் சில்பரி குன்றைப் பாருங்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கட்டிய மாபெரும் மண்மேடு. 1968ல் பி.பி.சி. பணம் கொடுக்க, ரிச்சர்ட் அட்கின்சன் அதன் நடுவை நோக்கிச் சுரங்கம் தோண்டினார். நாடே பார்த்தது. அரசன் இல்லை, பொன் இல்லை, ஒரு கல்லறைகூட இல்லை. பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் மேட்டின் அடியில் பழைய புல்தரை கெடாமல் இருந்தது. பாசியும் பூச்சிகளும் கூட. அவற்றில் இறக்கை முளைத்த எறும்புகளும் இருந்தன. அங்கே எறும்புகள் இறக்கையோடு வெளிவருவது பெரும்பாலும் கோடையின் பிற்பகுதியில் என்பதால், வேலை அப்போது தொடங்கியிருக்கலாம் என்று கணித்தார்கள். எந்த நூற்றாண்டு என்பதையே தேடிக்கொண்டிருக்கும் துறையில் எந்தப் பருவம் என்று ஊகிக்க முடிந்திருக்கிறது! இதைவிடப் பெரிய புதையல் எது? டி.வி. தோற்றது அங்கேதான். பொன்னை எதிர்பார்க்க வைத்துவிட்டு எறும்பைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? முதல் நாளே, எறும்பைத்தான் தேடப்போகிறோம், அதனால் இன்னது தெரியவரும் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லக் குழிக்குள் இருப்பவரால்தான் முடியும். அவர் கதவைச் சாத்திக்கொண்டால் “ஆச்சரியமா பாருங்கம்மா” ஆள்தான் வருவார்.

இன்னொன்று. அட்கின்சன் முழு அறிக்கையை எழுதவே இல்லை. அவர் 1994ல் இறந்தார். அலஸ்டேர் விட்டில் என்ற இன்னொரு ஆய்வாளர்தான் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 1997ல் வெளியிட்டார். இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம், பொதுமக்களிடம் இருந்தது அந்த ஒளிபரப்பும் அதன் நினைவும்தான். டி.வி.க்குப் போனதால் அறிக்கை நின்றது என்று சிலர் சொல்லக்கூடும். டி.வி. பக்கமே போகாமல் அறிக்கையும் எழுதாத எத்தனையோ பேர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், அப்புறம் என்ன?

மற்றபடி உங்கள் கடிதத்தில் இருக்கும் தவிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். பேராசிரியரிடம் காமிராவைப் பற்றி இனி வாதாட வேண்டாம். அறிக்கை எந்த மாதம் வரும் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.