ஆல்பெர்க் 30-ஆ, கேட்டலினா 30-ஆ?

கேள்வி: அமெரிக்காவில் அனாபொலிஸ் பக்கம் வசிக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள். வார இறுதிகளில் செசபீக் விரிகுடாவில் பாய்மரப் படகு ஓட்டவும், நாலைந்து வருடம் கழித்து பஹாமாஸ் வரை போகவும் ஆசை. 1974 ஆல்பெர்க் 30 ஒன்று, பெட்ரோலில் ஓடும் அட்டாமிக் 4 எஞ்சினுடன் வருகிறது. 1986 கேட்டலினா 30 ஒன்று, டீசல் எஞ்சின். விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் தேவைக்குக் கேட்டலினாதான், அதுவும் அதன் கீல் (படகு கவிழாமல் இருக்க அடியில் நீருக்குள் இறங்கும் கனமான பாகம்) பொருத்தப்பட்ட இடம் உலர்ந்து உறுதியாக இருந்தால். சர்வேயில், அதாவது நிபுணர் செய்யும் பரிசோதனையில், தேறினால் மட்டுமே வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.

இரண்டையும் 30 அடிப் படகு என்றே விற்கிறார்கள், ஆனால் அளவை எடுத்துப் பார்த்தால் வேறு வேறு படகுகள். ஆல்பெர்க்கின் அகலம் 8 அடி 9 அங்குலம், கேட்டலினாவுக்கு 10 அடி 10 அங்குலம். தண்ணீரைத் தொடும் நீளம் முன்னதில் 21 அடி 8 அங்குலம், பின்னதில் 25 அடி. வேக வரம்பு அதைப் பொறுத்தது என்பதால் ஆல்பெர்க் சுமார் 6.2 நாட், கேட்டலினா 6.7 நாட். அந்த இரண்டடி அகலம்தான் உள்ளே மூன்று பேர் இடித்துக்கொள்ளாமல் நடமாட இடம் தருகிறது. மழை நாளில் மகளை உள்ளே வைத்துக்கொண்டு நங்கூரம் போட்டு நிற்கும்போது இது பெரிய விஷயம்.

ஆல்பெர்க் மட்டமான படகு அல்ல. கார்ல் ஆல்பெர்க் 1962-ல் வடிவமைத்து, கனடாவின் ஒன்டாரியோவில் கட்டப்பட்டது. நீளமான கீல், அதன் பின்முனையிலேயே தொங்கும் சுக்கான். இரும்பு எடை கீலுக்கு உள்ளேயே அடைக்கப்பட்டிருப்பதால் கீலைப் படகோடு பிணைக்கும் போல்ட் என்ற கவலையே கிடையாது. கவிழும் அபாயத்தைக் கணிக்கும் சூத்திரத்தில் இதற்கு 1.7 வருகிறது, கேட்டலினாவுக்கு ஏறத்தாழ 2. அந்த 2-ஐத்தான் பெருங்கடலுக்கான மேல் வரம்பாகச் சொல்வார்கள். இவ் ஜெலினா 1980-களின் தொடக்கத்தில் தனி ஆளாக உலகைச் சுற்றியதும் ஒரு ஆல்பெர்க் 30-ல்தான். நீங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டப் போவதாக இருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

செசபீக் அப்படிப்பட்ட நீர் அல்ல. சராசரி ஆழமே 21 அடிதான். ஜூலை, ஆகஸ்டில் பல நாள் காற்றே இருக்காது, எஞ்சினை நம்பித்தான் வீடு திரும்ப வேண்டும். அட்டாமிக் 4 நல்ல எஞ்சின்தான். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோயரை நான்கைந்து நிமிடம் ஓட்டி, மோந்து பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். மேலும் நீளக் கீல் படகு பின்னோக்கிப் போகும்போது சுக்கானுக்குக் கட்டுப்படாது. பக்கக் காற்றில், படகுகள் நெருக்கமாக நிற்கும் மரீனா துறையில், புதிதாகப் பழகுபவருக்கு இது தலைவலி.

இனி கேட்டலினாவின் கீல். இது போல்ட் போட்டு மாட்டியது. பழைய கேட்டலினாக்களில் கீலுக்கு மேலுள்ள அடிப்பகுதிக்குள் பிளைவுட் வைத்துக் கட்டியிருப்பார்கள். போல்ட் வழியாக நீர் இறங்கினால் அந்த மரம் ஊறி மெத்தென்று ஆகிவிடும், நட்டின் பிடி தளரும். அப்போது கீலின் முன்விளிம்பில், உடலோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் தெரியும். படகுக்காரர்கள் இதைக் ‘கேட்டலினா சிரிப்பு’ என்பார்கள். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கச் சொல்லுங்கள். தூக்கும் பட்டையில் தொங்கும்போது அந்த விரிசலைப் பாருங்கள், பிறகு கீல் மேல் நிறுத்தியதும் மறுபடி பாருங்கள். தொங்கும்போது விரிந்து, நிறுத்தினால் மூடிக்கொண்டால் போல்ட் தளர்ந்திருக்கிறது. உள்ளே ஒவ்வொரு நட்டின் அடியிலும் துரு வடிந்திருக்கிறதா, வாஷர் அமுங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் மட்டும் மயிரிழையாகக் கீறியிருந்தால் நட்டை முறையான அளவுக்கு முறுக்கி, இடுக்கை அடைத்தால் போதும். மரம் ஊறியிருந்தால் அதைத் தோண்டி எடுத்து எபாக்ஸி பசையும் கண்ணாடி இழையும் நிரப்ப வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் தூணின் காலடி. அங்கேயும் அடியில் மரக்கட்டை இருக்கும், அது அழுகினால் தூண் இறங்கும். கழிவறைக் கதவு சட்டத்தில் உரசி மாட்டினால் அதுதான் முதல் அறிகுறி. சுக்கானைக் கையால் ஆட்டிப் பார்த்து, தூக்கிய மறுநாளும் அதன் அடியில் நீர் கசிகிறதா என்று கவனியுங்கள். எஞ்சினில், புகைபோக்கி எழும் குழாயைச் சுற்றியுள்ள துணியைப் பிரித்துத் துரு பாருங்கள். ஒயரிங் பிளக்குகள் உருகிக் கருத்திருந்தால் பிளக்கை நீக்கி நேரடியாக இணைத்துவிடலாம், சின்ன வேலை.

ஆல்பெர்க்கையும் பார்த்தே தீருவீர்கள் என்றால், பாய்மரத்தின் அடியில் தளம் குழிந்திருக்கிறதா, உள்ளே குறுக்கு விட்டம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைச் சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் உள்ளே பால்சா மரம் நனைந்திருக்கிறது.

இரண்டிலுமே பாய்மரக் கம்பிகள் எந்த வருடம் மாற்றியவை என்று ரசீதோடு கேளுங்கள். பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் புதிதாகப் போடும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

விற்பவரிடம் கீலின் ஆழத்தையும் கேட்டுவிடுங்கள். ஆழமான கீல் என்றால் 5 அடி 3 அங்குலம், செசபீக்கின் பல ஓடைகளிலும் பஹாமாஸின் ஆழமற்ற திட்டுகளிலும் அது தரை தட்டும். ஆழம் குறைந்த கீல் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ஃபுளோரிடாவிலிருந்து பஹாமாஸுக்குக் கடக்கும்போது வளைகுடா நீரோட்டம் வடக்கே ஓடுகிறது, எதிரே வடகாற்று வந்தால் அலை செங்குத்தாக எழும். அந்தக் காற்று ஓய்ந்து கடல் அடங்கும்வரை காத்திருந்தால், நல்ல நிலையிலுள்ள கேட்டலினா உங்களைக் கொண்டு சேர்க்கும்.