அடிச்சா அடங்குற விஷயமில்லைங்க

கேள்வி: என் பையனுக்கு 9 வயது, ஆட்டிசம். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், அந்தச் சத்தத்தில் அசராமல் தூங்குவான். அதே பையன் மாரியம்மன் நோம்பிக்கு அம்மிச்சி ஊருக்குப் போனால் மேளத்துக்கும் வெடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரள்கிறான், கையைக் கடித்துக்கொள்கிறான். "தறிச் சத்தத்துல வளர்ந்தவனுக்கு இது என்ன, எல்லாம் அடம், ரெண்டு போடு" என்கிறார்கள். இந்த வருஷம் போகாமலே இருந்துவிடலாமா?
(ஒரு தாய், பல்லடம் பக்கம்)

பதில்: போய்ட்டு வாங்க அம்மணி, போகிற விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தறி நாள் முழுக்க ஒரே தாளத்தில் ஓடும், அடுத்த அடி எப்போது விழும் என்று அவன் உடம்புக்கே தெரியும். வெடி அப்படியா? எப்போது வெடிக்கும், எப்போது நிற்கும், ஒன்றும் தெரியாது. அதோடு கூட்டம், புகை, புதுச் சட்டைக் காலரின் உறுத்தல், கன்னத்தைக் கிள்ளும் பெரியம்மா என்று எல்லாம் சேர்ந்து ஏறி ஒரு கட்டத்தில் தாங்காமல் போகிறது, அதைத்தான் தெரபியில் மெல்ட்டவுன் என்று சொல்லியிருப்பார்கள். அடம் பிடிக்கிற பிள்ளை பெரும்பாலும் நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டதைக் கொடுத்தால் நிறுத்திவிடும். இவனிடம் முட்டாய் நீட்டிப் பாருங்கள், நிற்காது. இதில் இரண்டு போட்டால் ஏற்கெனவே தாங்காத உடம்புக்கு இன்னொரு வலி, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள். "என்னாச்சு, சொல்லு கண்ணு" என்று கேட்டால்கூட அதுவும் ஒரு சத்தம்தான். சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள், தலை மோதும் இடத்தில் துண்டை மடித்து வையுங்கள். ரோடு, கிணறு என்று ஆபத்து இருந்தால் தவிர இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அணைத்தால் இதமாக இருக்கும், சிலருக்குத் தொட்டாலே ஆகாது, உங்கள் பையன் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அடங்கியதும் தண்ணீர் கொடுத்துப் படுக்க விடுங்கள், விசாரணை வேண்டாம்.

உண்மையான வேலை நோம்பிக்கு முன்னாடியே இருக்கிறது. கோயில், அம்மிச்சி வீடு, மேளம் என்று போட்டோக்களைச் செல்போனில் வரிசையாக வைத்து ஒரு வாரமாவது காட்டுங்கள். வெடி எப்போது என்று கோயிலில் கேட்டுக்கொண்டு, கூட்டம் சேருமுன் காலையிலேயே சாமி கும்பிட்டுவிடுங்கள். மில்லில் போடுகிற காதுக்கவசம் கிடைத்தால் இப்போதே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். அப்புறம், "போலாம்" என்பதற்கு ஒரு படக் கார்டு அவன் சட்டைப் பையில் இருக்கட்டும். அதை அவன் நீட்டினால் தீபாராதனை நடுவில் என்றாலும் அப்போதே கிளம்புங்கள். "இரு, அஞ்சு நிமிஷம்" என்று இரண்டு தடவை சொன்னீர்கள் என்றால் மூன்றாவது தடவை கார்டை எடுக்க மாட்டான், நேராகக் கையைத்தான் கடிப்பான். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஆட்டிசம், பேச்சு வராது. கொஞ்ச நாளாகத் தாடையில் அடித்துக்கொள்கிறாள், சோறும் இறங்கவில்லை. மந்திரிக்கச் சொல்கிறார்கள், மாத்திரை போடச் சொல்கிறார்கள்.
(ஒரு அப்பா, கோபி)

பதில்: முதலில் பல்லைப் பாருங்கள். பேச்சு வராத பிள்ளை திடீரென்று மாறினால் பல், காது, மலச்சிக்கல், மாதவிடாய் வலி இத்தனையும் பார்த்த பிறகுதான் "நடத்தை" என்ற பேச்சே. வலி இல்லை என்று உறுதியான பிறகும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து எழுதலாம், அது ஆட்டிசத்தைப் போக்காது, கடுமையான எரிச்சலையும் ஆவேசத்தையும் குறைக்கும், எடை ஏறும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பல் டாக்டரிடம் பிள்ளையைப் பற்றி முன்கூட்டியே சொல்லி அன்றைக்கு முதல் டோக்கனாகக் கேளுங்கள், வரவேற்பறையில் காத்திருந்தே பாதி உயிர் போய்விடும்.