இலை எந்தப் பக்கம் போகும்?

அன்புள்ள ஐயா,

2017 பிப்ரவரியில், ஜெயலலிதா இறந்து கட்சி உடைந்த நாட்களில், அதிமுக எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் விடுதியில் வைத்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் கல்லூரி மாணவன். அன்று வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. கட்சி உடைந்தால் இவர்கள் ஏன் மந்தையாகிவிடுகிறார்கள்? ஒருவருக்குக்கூட மனசாட்சி கிடையாதா? கட்சித் தாவல் தடைச் சட்டம் இருந்து என்ன பயன்? எம்.ஜி.ஆர். காலத்தில் இப்படியெல்லாம் நடந்ததில்லை என்கிறார் என் அப்பா.

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டார். டிசம்பர் 2ஆம் தேதி சட்டமன்றம் கூடியபோது, எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்திருந்த சபாநாயகர் மதியழகன் தன் நாற்காலியை விட்டு எழ மறுத்தார். அவரை நீக்க நினைத்த திமுக, துணை சபாநாயகர் சீனிவாசனுக்கு இன்னொரு நாற்காலி போட்டது. ஒரே மண்டபத்தில், ஒரே நேரத்தில், இரண்டு பேர் சபை நடத்தினார்கள். அப்புறம் 1988. எம்.ஜி.ஆர். இறந்து சரியாக ஐந்து வாரம் ஆகியிருந்தது. கட்சி அவர் மனைவி ஜானகி பக்கமும் ஜெயலலிதா பக்கமுமாக உடைந்திருந்தது. ஜனவரி 28 அன்று முதல்வர் ஜானகி நம்பிக்கை வாக்கு கோரியபோது அடிதடி மூண்டு, போலீஸ் தடியோடு சபைக்குள் வந்தது. இரண்டே நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது. அப்பா இதையெல்லாம் மறந்திருக்க மாட்டார். பிடித்த தலைவர் என்பதால் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார். பரவாயில்லை.

எம்.எல்.ஏ.க்களைக் கூட்டிக்கொண்டுபோய் வைப்பதும் கூவத்தூரில் பிறந்த பழக்கமல்ல. 1984இல் ஆந்திராவில் என்.டி.ராமராவின் ஆட்சி கவிழ்க்கப்பட்டபோது அவருடைய ஆட்களை பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பாதுகாத்தார்கள். ஒரே மாதத்தில் அவர் மீண்டும் முதல்வரானார். அதை அன்று ஜனநாயகத்தைக் காப்பாற்றியதாகக் கொண்டாடினோம். 1995இல் அதே ராமராவுக்கு எதிராக, ஹைதராபாத்தில் ஒரு ஹோட்டலில் வைத்து அதையே செய்தார் மருமகன் சந்திரபாபு நாயுடு.

சரி, மனசாட்சிக்கு வருகிறேன். பணம், பதவி, பயம் மூன்றும் அங்கே உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்சி உடையும் நாட்களில் ஒரு எம்.எல்.ஏ.யின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி வேறு: சின்னம் யாருக்குக் கிடைக்கும்?

1989 தேர்தலில் அதிமுகவின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. எங்கள் பாட்டி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "சீட்டு முழுக்கத் தேடினேன், இலையைக் காணோமே" என்று குறைப்பட்டுக்கொண்டாள். கடைசியில் எதில் குத்தினாள் என்று சொல்லவே இல்லை. ஜெயலலிதா அணிக்கு 27 இடம், ஜானகி அணிக்கு 2. சட்டமன்றத்தில் 97 பேரைக் கையில் வைத்திருந்த அணிக்குத்தான் இந்த 2. பிப்ரவரியில் அணிகள் இணைந்தன, இலை திரும்பக் கிடைத்தது. மார்ச்சில் நடந்த மதுரை கிழக்கு, மருங்காபுரி தேர்தல்கள் இரண்டிலும் அதிமுக ஜெயித்தது. அந்த மூன்று மாதத்தைப் பார்த்த எந்த எம்.எல்.ஏ.யும் அதை மறக்கமாட்டான். தன் பெயருக்கு எத்தனை ஓட்டு, இலைக்கு எத்தனை ஓட்டு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் மந்தை என்கிறீர்கள். எனக்கு அவர்கள் பந்தயம் கட்டத் தெரியாமல் விழித்தவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1985இல் வந்தபோது, மூன்றில் ஒரு பங்குப் பேர் பிரிந்தால் அது தாவல் இல்லை, பிளவு என்று விட்டுவிட்டார்கள். 1988இல் ஜெயலலிதா பக்கம் இருந்தவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர், மூன்றில் ஒரு பங்குக்கு நாற்பதுக்கு மேல் வேண்டும். அதனால் அந்த வழி அவர்களுக்கு உதவவில்லை. 2003இல் அந்த வழியையும் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேறு கட்சியோடு இணைந்தால்தான் தப்பலாம். ஆனால் முடிவு சொல்லும் அதிகாரம் அன்றும் இன்றும் சபாநாயகரிடம். அவரும் ஒரு கட்சிக்காரர்தான்.

இதன் விளைவை 2017இல் பார்த்தோம். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசுக்கு ஆதரவாக 122 ஓட்டு, எதிராக 11. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 11 பேரில் ஒருவர் ஓ.பன்னீர்செல்வம். ஆகஸ்டில் அணிகள் இணைந்ததும் துணை முதல்வரானார். மறுநாளே, சசிகலாவின் அக்கா மகன் தினகரன் பக்கம் இருந்த 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய், முதல்வருக்கு ஆதரவில்லை என்று கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் சபையில் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை, கடிதம்தான் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிப் போய்விட, மீதி 18 பேரின் பதவியை செப்டம்பர் 18இல் சபாநாயகர் தனபால் பறித்தார். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இரண்டு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்பளித்து, மூன்றாமவர் 2018 அக்டோபரில் பறித்தது செல்லும் என்றார்.

உங்களுக்கு அருவருப்பு கூவத்தூரில் வந்தது. எனக்கு வந்தது அதற்கப்புறம். அந்த 18 தொகுதிகளுக்கும் இருபது மாதம் எம்.எல்.ஏ. கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்று மனு கொடுக்கப் போகிறவன் யாரிடம் போவான்? விடுதியில் இத்தனை பேர், ஆளுநர் மாளிகையில் இத்தனை பேர் என்று நாமெல்லாம் தலை எண்ணிக்கொண்டிருந்தோம். இவனை யாரும் எண்ணவில்லை.

அந்த 18 தொகுதிகளில் ஆண்டிபட்டியும் ஒன்று. 1984இல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆரை ஜெயிக்கவைத்த ஊர். 1989இல் ஜானகியைத் தோற்கடித்தது, பிறகு ஜெயலலிதாவை இரண்டு முறை அனுப்பியது. 2019 இடைத்தேர்தலில் அங்கே திமுக வேட்பாளரும் அதிமுக வேட்பாளரும் உடன்பிறந்த சகோதரர்கள். ஜெயித்தது திமுக சகோதரர்.

அன்புடன்.