பட்டப்பகலில் எதற்கு டியூப்லைட்?

கேள்வி: கும்பகோணத்தில் கிழக்குப் பார்த்த வீடு. 18 அடி அகலம், 70 அடி நீளம், இரண்டு பக்கமும் பொதுச்சுவர். மாமனார் காலத்திலேயே முற்றத்தை மூடித் தளம் போட்டுவிட்டார்கள். கூடத்தில் பகலிலும் டியூப்லைட் எரிகிறது. ஃபால்ஸ் சீலிங்கில் எல்இடி, சுவருக்குத் தேக்கு நிற லேமினேட் போடலாம் என்கிறார் இன்டீரியர் செய்பவர். செய்யலாமா?

பதில்: லேமினேட் அப்புறம். முதலில் முற்றத்தைப் பார்ப்போம்.

ஜன்னல் வெளிச்சம், அதன் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை மடங்கு தூரம்தான் உள்ளே வரும். ஏழடி உயர ஜன்னலுக்குப் பதினைந்து, பதினேழு அடி. வாசலிலும் கொல்லையிலும் எவ்வளவு ஜன்னல் வைத்தாலும் நடுக்கூடத்துக்கு எட்டாது. சுவரோடு சுவராகக் கட்டியவர்கள் முற்றம் விட்டது அதனால்தான். மாமனாரைக் குறை சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையில் தாழ்வாரம் நனைந்தால் யாருக்கும் மூடத்தான் தோன்றும்.

முழுதாகத் திறக்க வேண்டாம். நாலுக்கு ஆறடி தளத்தை வெட்டி, மொட்டைமாடிக்கு மேல் மூன்றடிக்குக் கூண்டு போல எழுப்பி, தலைக்குச் சின்னக் கூரை போடுங்கள். வடக்கிலும் தெற்கிலும் இரண்டடிக் கண்ணாடி. தட்டையாக மேலேயே கண்ணாடி பதித்தால் செலவு குறையுமே என்பார்கள். கேட்காதீர்கள். நம் ஊர் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையிலும் ஆவணியிலும் உச்சி வெயில் செங்குத்தாக இறங்கும், கூடத்தில் உட்கார முடியாது. பக்கக் கண்ணாடிக்கோ ஒன்றரை அடி சன்ஷேடு போதும், மார்கழியில் தெற்கே சாயும் உச்சி வெயிலைக்கூட மறைத்துவிடும். மேற்கில் மட்டும் கண்ணாடி வேண்டாம். சாயங்கால வெயில் சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். கண்ணாடிக்கு மேல் கொசுவலையோடு சிறு திறப்பு விட்டால் சூடான காற்றும் வெளியேறும்.

தளம் வெட்டுவது விளையாட்டு இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து இடம் குறிக்காமல் கொத்தனாரைச் சம்மட்டி எடுக்க விடாதீர்கள்.

சரி, லேமினேட். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். தேக்கு நிறம் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அலமாரிக் கதவோடு நிறுத்துங்கள். கூண்டின் உட்புறத்துக்கும் கூடத்துக்கும் பளபளப்பில்லாத வெள்ளை. ஃபால்ஸ் சீலிங் ஆசை இருந்தால் படுக்கையறையில் போட்டுக்கொள்ளுங்கள், கூடத்தின் உயரத்தைக் குறைக்காதீர்கள்.

வேலையை மாசி, பங்குனியில் முடித்துவிடுங்கள். லேமினேட் சாம்பிளை அதன்பிறகு கூடத்துக்கே வாங்கி வந்து, காலையிலும் நாலு மணிக்கும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.