மாவட்ட வாரியாகக் குடும்பக்கட்டுப்பாடு: வரைபடம் போடுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

குடும்ப நலப் புள்ளிவிவரங்களோடு பல வருடம் மாரடித்தவள் என்பதால், வந்த கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். பெரும்பாலும் தமிழ்நாட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதுகலை மாணவி, திருச்சி: மேடம், 1990களிலிருந்து தமிழ்நாட்டு மாவட்டங்களில் கருத்தடைப் பயன்பாடு எப்படி மாறியது என்று வரைபடத் தொடர் போட வேண்டும். எந்தத் தரவை எடுப்பது?

ஒரே ஆய்வை வைத்து முப்பது வருடத்தையும் ஓட்டிவிட முடியாதும்மா. தேசிய குடும்ப நல ஆய்வின் முதல் மூன்று சுற்றுகளும் (1992-93, 1998-99, 2005-06) மாநிலத்தோடு நின்றுவிடும். மாவட்ட எண்கள் 2015-16இல் நடந்த நான்காம் சுற்றில்தான் வந்தன. அதற்கு முந்தைய காலத்துக்கு டிஎல்எச்எஸ் என்கிற மாவட்ட அளவிலான குடும்ப ஆய்வு இருக்கிறது: 1998-99, 2002-04, 2007-08, அப்புறம் 2012-14.

இரண்டையும் அப்படியே கோத்துவிடாதீர்கள். டிஎல்எச்எஸ் முதல் இரண்டு சுற்றில் 15-44 வயது மணமான பெண்களைத்தான் கேட்டார்கள். பிறகு அது 15-49 ஆனது. நம் ஊரில் 45 தாண்டிய பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதிகம். அவர்கள் கணக்கில் சேர்ந்தாலே சதவீதம் மாறிவிடும். தனிநபர்த் தரவு கையில் இருந்தால் எல்லாச் சுற்றையும் 15-44க்கு வெட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 2015-16, 2019-21 இரண்டோடு நிறுத்துவதே மேல்.

தென்காசி வாசகர்: வரைபடத்தில் எங்கள் மாவட்டத்தையே காணோமே?

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) பழைய 32 மாவட்டக் கணக்கில் நடந்தது. தென்காசி அதில் திருநெல்வேலிக்குள் இருக்கிறது. இன்றைய 38 மாவட்ட வரைபடத்தில் அந்த எண்களை ஒட்டி, இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே நிறம் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் அதைத் தனித்தனியாக அளந்த எண் என்று நம்பிவிடுவார்கள்.

பின்னோக்கிப் போகப் போகச் சிக்கல் கூடும். கிருஷ்ணகிரியைத் தர்மபுரியோடு சேர்த்தால் முடிந்தது, அது 2004இல் பிரிந்தது. திருப்பூர் அப்படியில்லை. 2009இல் கோயம்புத்தூரிலிருந்து கொஞ்சம், ஈரோட்டிலிருந்து தாராபுரம், காங்கேயம் என்று எடுத்து உருவாக்கியது. ஆகவே 2002-04ஐ 2019-21உடன் ஒப்பிட மூன்றையும் ஒரே துண்டாக்கித்தான் ஆக வேண்டும். அரியலூர் 2001இல் பிறந்து, 2002இல் பெரம்பலூருக்குள் போய், 2007இல் மறுபடி வந்தது. வரைபடத்தைத் திறக்கும் முன் எது எதிலிருந்து பிரிந்தது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

பத்திரிகையாளர், சென்னை: தமிழ்நாட்டில் கருத்தடை பயன்படுத்துவோர் 2005-06இல் 61%, 2015-16இல் 53%, 2019-21இல் 69%. நடுவில் மக்கள் கைவிட்டுவிட்டார்களா?

இதைச் செய்தியாக்கும் முன் இன்னொரு வரிசையைப் பக்கத்தில் வையுங்கள். அதே மூன்று சுற்றில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8, 1.7, 1.8. பயன்பாடு 8 புள்ளி சரிந்தும் பிறப்பு கூடவில்லை. பெண் கருத்தடை அறுவை சிகிச்சை மட்டும் 55, 49, 58 என்று போகிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர் அடுத்த சுற்றில் செய்யாதவராக மாற மாட்டார். வயதானவர்கள் 49ஐத் தாண்டி வெளியேறுவதும், புதிதாக மணமானவர்கள் உள்ளே வருவதும்தான் அந்த எண்ணை அசைக்கும். அது மெல்ல நடக்கிற காரியம். நாலைந்து வருடத்தில் 9 புள்ளி ஏறுவதை அது மட்டும் விளக்காது. இந்திய அளவிலும் இதே பள்ளம் இருக்கிறது: 56, 53.5, 67. என் கணிப்பு, நான்காம் சுற்றில் பதில் வாங்கிய விதத்தில் ஏதோ குறைந்திருக்கிறது. போதாததற்கு ஐந்தாம் சுற்றின் தமிழ்நாட்டுக் களப்பணி கொரோனா ஊரடங்கால் இரண்டாக உடைந்தது. 2015-16ஐ மட்டும் அடிப்படையாக வைத்து ‘எழுச்சி’ என்று தலைப்புப் போடாதீர்கள்.

கிராம சுகாதார செவிலியர், டெல்டா மாவட்டம்: அக்கா, ஆய்வில் எங்கள் மாவட்டம் நன்றாகவே இருக்கிறது. மாதாந்திர அறிக்கை வரைபடத்தில் மட்டும் எப்போதும் வெளிறிப்போய்த்தான் வருகிறது. மீட்டிங்கில் திட்டு எங்களுக்கு.

உங்கள் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆய்வு காட்டுவது ஏரியின் நீர்மட்டத்தை. ஆஸ்பத்திரிகள் அரசுக்கு அனுப்பும் எச்எம்ஐஎஸ் மாதாந்திர அறிக்கை காட்டுவது இந்த மாத வரத்தை. 1998இல் 25 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர் 2020 ஆய்விலும் ஒரு புள்ளியாக நிற்கிறார். இன்றைய சேவை படுத்துக்கிடந்தாலும் ஆய்வு எண் பல வருடம் உயரமாகவே தெரியும். சேவையின் போக்கை வரைய வேண்டுமானால் வரத்துதான் வேண்டும்.

ஆனால் அந்த வரத்து எழுதப்படுவது ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் பெயரில். இங்கே பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறந்த கையோடு, அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்துவிடுகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர், சிக்கல் என்று மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டவர், எல்லாரும் வேறு மாவட்டக் கணக்கில் ஏறிவிடுவார்கள். மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பேசியது நீங்கள், பெயர் மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டத்துக்கு. அடுத்த மீட்டிங்கில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டை, அதாவது குழந்தை பெறும் வயதுத் தம்பதியரை நீங்கள் எழுதிவைக்கும் நோட்டை, கையோடு எடுத்துப் போங்கள். அது குடியிருப்பை வைத்து எழுதியது.

ஆய்வு மாணவர், கோவை: வாசக்டமி (ஆண் கருத்தடை ஆபரேஷன்) வரைபடம் போட்டேன். எல்லா மாவட்டமும் வெள்ளை. தப்பா?

இல்லை, நாடு முழுக்கவே 0.3%தான். மாவட்டத்துக்குச் சுமார் 800 பெண்களைக் கேட்டிருக்கிறார்கள்; அதில் ஒருவர், இருவர் வித்தியாசத்துக்கு நிறம் மாற்றினால் அது வெறும் தற்செயல். 58% போன்ற எண்ணே நாலைந்து புள்ளி முன்பின் இருக்கும்.

இதைக் காலக்கோடாகப் போடுங்கள். 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 60,000 ஆண்களுக்கு மேல் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77 ஒரே நிதியாண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன். பெரும்பகுதி ஆண்களுக்கு, நிறையப் பேருக்குக் கட்டாயமாக. அதன் பிறகு பாரம் மொத்தமும் பெண்கள் பக்கம் சாய்ந்தது. அந்தக் கோடு செங்குத்தாக விழுவதை எந்த மாவட்ட வரைபடமும் காட்டாது.

தன்னார்வத் தொண்டர், மதுரை: அடர்நிற மாவட்டம் என்றால் நல்ல சேவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

மாட்டேன். தமிழ்நாட்டின் 69%இல் 58% பெண் ஆபரேஷன். காப்பர்-டி, மாத்திரை, அந்தரா என்கிற கருத்தடை ஊசி, நிரோத் எல்லாம் மீதிக்குள். ஆந்திராவில் ஆபரேஷன் மட்டுமே 70%ஐ ஒட்டி நிற்கிறது. குழந்தைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்கிற 22 வயதுப் பெண்ணுக்கு இந்த உயரத்தால் என்ன பயன்? 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாமில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மூன்று வருடத்துக்குள் முகாம்களை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. முகாமில் எண்ணிக்கை கூடினாலும் வரைபடத்தில் நிறம் அடர்த்தியாகத்தான் விழும். எத்தனை முறைகள் கிடைக்கின்றன, தேவை இருந்தும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனிப் படம் போடுங்கள்.

இன்னொருவர்: எந்த மென்பொருள்? நிறம் எப்படிப் பிரிப்பது?

க்யூஜிஐஎஸ் போதும், இலவசம். ஆனால் அது ஒவ்வொரு படத்துக்கும் தானாக எல்லை பிரித்துத் தரும், அதை ஏற்காதீர்கள். 40-50, 50-60 என்று நீங்களே வைத்து, எல்லா வருடத்துக்கும் அதையே போடுங்கள். நீலகிரி படத்தில் பெரிதாகத் தெரியும், மக்கள்தொகை 2011இல் 7.35 லட்சம், புள்ளி மாதிரி தெரிகிற சென்னையில் 46 லட்சம். பக்கத்தில் தம்பதியர் எண்ணிக்கைக்கு ஏற்ற வட்டம் ஒன்று போட்டுவிட்டால் கண் ஏமாறாது.

அதே செவிலியர்: என் துணை சுகாதார நிலையப் பதிவேட்டை வைத்து நானே ஊர்ப் படம் போடலாமா அக்கா?

தாராளமாக. வீட்டுக்கு ஒரு புள்ளி மட்டும் வைக்காதீர்கள். யார் ஆபரேஷன் செய்தார், யார் காப்பர்-டி எடுத்துவிட்டார் என்று மாமியாருக்குத் தெரிந்துவிடும். குக்கிராமங்களைச் சேர்த்து, மூன்று வருடத்தை ஒன்றாக்கிப் போடுங்கள்.