உப்பனாற்றில் சிப்பி வளர்க்க யாரிடம் குத்தகை கேட்பது?

கேள்வி: சீர்காழி வட்டத்தில் கடலோர மீனவ கிராமம் எங்களுடையது. மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர் இருக்கிறோம். உப்பனாற்றில், முகத்துவாரத்துக்குச் சற்று மேலே, அரை ஏக்கர் அளவு நீர்ப்பரப்பில் உண்ணும் சிப்பியும் மட்டியும் வளர்க்க நினைக்கிறோம். எதிரே கரையில் என் மாமனார் பேரில் 40 சென்ட் பட்டா நிலம் உண்டு. ஊர்க்கூட்டத்தில் ரூ.30,000 கட்டி, ஐந்து வருடத்துக்கு என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினோம். சவுக்குக் கம்பு 20 நட்ட நிலையில், ‘நதி புறம்போக்கில் ஆக்கிரமிப்பு’ என்று தாசில்தார் அலுவலகத்தில் இருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. மீன்துறையில் கேட்டால் இடத்துக்கு உரிமைச் சான்று கொண்டு வரச் சொல்கிறார்கள். வருவாய்த்துறையில் கேட்டால் மீன்துறைக் கடிதம் கொண்டு வரச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த நோட்டீஸ். அதைக் கையில் வைத்துக்கொண்டு குத்தகைக்கு அலைய வேண்டாம். நோட்டீஸில் போட்டிருக்கும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் போய்ச் சேர வேண்டும். பதிலில் எதை எழுதக்கூடாது என்பதுதான் முக்கியம். ‘எங்கள் பட்டாவை ஒட்டிய தண்ணீர்’, ‘தலைமுறையாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது’, ‘ஊர் எங்களுக்குக் குத்தகை விட்டது’ ஆகிய மூன்றையும் எழுதாதீர்கள். 1905-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, ஆற்றுப்படுகையையும், உயர் ஓதக் கோட்டுக்கு (கடல் நீர் ஏறும் உச்ச மட்டத்துக்கு)க் கீழே உள்ள கடல், கழிகளின் படுகையையும், ஓடும் நீரையும் நிற்கும் நீரையும் அரசின் சொத்து என்கிறது. பட்டா கரையோடு நின்றுவிடும். நாளைக்கு யாரிடம் குத்தகை கேட்கப் போகிறீர்களோ, அவரிடமே இன்றைக்கு ‘இது எங்களுடையது’ என்று வாதாடினால் மனு எடுபடாது.

பதிலில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: தவறான புரிதலில் கம்பு நட்டோம், இன்ன தேதியில் நாங்களே பிடுங்கிவிட்டோம், இந்த இடத்தில் எந்த உரிமையும் கோரவில்லை, முறையான அனுமதிக்கு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம், நகல் இணைத்துள்ளோம். கம்புகளைப் பிடுங்கும்போது கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்து, ஒரு மகஜர் (நடந்ததை அந்த இடத்திலேயே பதிவு செய்யும் தாள்) எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு உங்கள் மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி கோப்பில் முதலில் தேடுவது ‘ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டதா’ என்ற ஒரு வரியைத்தான்.

ஊர்க்கூட்டம் கொடுத்த தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஊர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மீனவ கிராமங்களில் ஊர் ஒப்புக்கொள்ளாத எதுவும் ஆற்றில் நிற்காது என்பது எனக்குத் தெரியும், அந்த ஒப்புதல் பின்னால் உங்களுக்கு வேண்டும். ஆனால் தன்னிடம் இல்லாததை ஊர் குத்தகைக்கு விட முடியாது. ஊராட்சி மன்றத்துக்கும் இதே பதில்தான். மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது, ஊராட்சி வசம் ஒப்படைக்கப்பட்ட ஏரி, குளங்களுக்கானது. ஓதம் ஏறி இறங்கும் ஆற்றில் அது செல்லாது. வாய்மொழி அனுமதியை நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய தீர்ப்பு உண்டு. சிலிக்கா ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை பற்றிய ஆனந்த பெஹெரா வழக்கில், பிறர் நீரில் மீன் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை அசையாச் சொத்தில் அடங்கும், எழுத்தும் பதிவும் இல்லாமல் அது கைமாறாது என்று 1955-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது இடம். மனு எழுதுவதற்கு முன் இதைப் பார்க்காததால்தான் பலர் ஒரு வருடம் அலைந்து கடைசியில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு திரும்புகிறார்கள். வட்ட அலுவலகத்தில் அந்தப் புல எண்ணின் ‘அ’ பதிவேட்டு நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். பதிவேட்டில் வகைப்பாடும் குறிப்புக் கலமும் இருக்கும். ‘நதி’, ‘வாய்க்கால்’ என்று இருந்தால் வருவாய்த்துறையோடு நீர்வளத்துறையும் சேர்ந்து வரும். ‘காடு’ என்றோ, வனத்துறை அறிவிக்கை எண்ணோ குறிப்பில் இருந்தால் அந்த இடத்தை மறந்துவிட்டு வேறு இடம் தேடுங்கள். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அலையாத்திக் காடும் காயலும் காப்புக்காடாகவும் கோடியக்கரை சரணாலயத்தின் தொடர்ச்சியாகவும் இருக்கும் இடங்களில் ஆட்சியர் குத்தகை தர வழியில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஐத் தாண்டி யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். உங்கள் பகுதியிலும் ஆற்றோரம் அலையாத்தி மரக்கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திப் பரப்புக்கு 50 மீட்டர் காப்பு இடைவெளி விட வேண்டும் என்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் இருக்கிறது.

அந்த அறிவிக்கை, சுருக்கமாக சி.ஆர்.இசட்., உங்களுக்குப் பொருந்துமா என்று சந்தேகமே வேண்டாம். கோடையின் கடைசியில் ஆற்று நீரில் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு வரை ஏறுகிற இடம்தான் அதன் உள்நாட்டு எல்லை. சிப்பிக்கு அதைவிட அதிக உப்பு வேண்டும். ஆகவே சிப்பி வளரும் தண்ணீர் எதுவானாலும் சி.ஆர்.இசட். தண்ணீர்தான். ஆற்றின் நீர்ப்பரப்பு அதில் நான்காம் வகையில் வரும். ஓதம் ஏறி இறங்கும் சேற்றுப் பகுதி முதல் வகையில் வரும். உள்ளூர் மக்களின் பாரம்பரிய மீன்பிடிப்பையும் அதைச் சார்ந்த தொழில்களையும் அறிவிக்கை தடுக்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் ஆற்றில் நிரந்தரமாகக் கம்பு நடுவது அதில் தானாக அடங்கிவிடும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஆட்சியர் தலைமையில் உள்ள மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கருத்து கேட்டு வாங்குங்கள்.

இனி, இரண்டு அலுவலகமும் மாறி மாறித் திருப்பி அனுப்புவது பற்றி. சிப்பி வளர்ப்புக் குத்தகைக்கென்று ஒரே சட்டம், ஒரே படிவம் இல்லாததால் வரும் சிக்கல் இது. ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகலாம் என்று இருந்தால் இரண்டுமே நகராது. ஒரே நாளில் இரண்டு மனுவும் கொடுங்கள். ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு: இன்ன புல எண்ணில், இன்ன அளவு நீர்ப்பரப்பை, இன்ன காலத்துக்குக் குத்தகை அல்லது உரிம அடிப்படையில் வழங்கக் கோரி. மற்றொன்று, மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநருக்கு: தொழில்நுட்பப் பரிந்துரை கோரியும், கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு கோரியும். ஒவ்வொன்றிலும் மற்றதன் தேதியையும் பெறுகை எண்ணையும் குறிப்பிடுங்கள். ஆட்சியர் மனுவின் கடைசிப் பத்தியில், ‘மீன்துறை, நீர்வளத்துறை, வனத்துறை ஆகியவற்றின் அறிக்கையை நேரடியாகக் கேட்டுப் பெற்று முடிவெடுக்க வேண்டுகிறோம்’ என்று எழுதுங்கள். அறிக்கை கேட்கும் வேலை அப்போது உங்கள் தலையில் இருந்து அலுவலகத்துக்குப் போகிறது. மனுவை மனுநீதி நாள் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, பதிவுத் தபாலில் அனுப்பினாலும் சரி, ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

மனுவோடு போக வேண்டிய வரைபடம்தான் உங்கள் கோரிக்கையின் உயிர். நான்கு மூலைகளின் ஜி.பி.எஸ். அளவு, கரையில் இருந்து தூரம், வற்றத்தில் (ஓதம் இறங்கிய நேரத்தில்) ஆழம், படகு ஓடும் ஆழ வழி, பக்கத்தில் வலை கட்டும் இடங்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கே அளந்தாலும் அமாவாசை அல்லது பௌர்ணமி வற்றத்தில் அளந்து எழுதுங்கள். சாதாரண நாள் அளவை நம்பி நட்டால், பெருவற்றத்தில் சரம் வெளியே தெரிந்து வெயிலில் காயும். சரம் என்றால் என்ன என்பதையும் ஒரு பத்தியில் விளக்குங்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரி இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று இல்லை: நைலான் கயிற்றில் ஐந்தாறு வெற்றுச் சிப்பி ஓடுகளை 15 முதல் 20 செ.மீ. இடைவெளியில் கோத்து, சவுக்குக் கம்புச் சட்டத்தில் தண்ணீருக்குள் தொங்கவிடுவது; சிப்பிக் குஞ்சு அந்த ஓட்டில் ஒட்டி வளர்வது; தீவனம், மருந்து எதுவும் போடாதது; குளம் வெட்டாதது. கடைசி இரண்டையும் அழுத்திச் சொல்லுங்கள். டெல்டாவில் ‘வளர்ப்பு’ என்றாலே இறால் குட்டை நினைவுக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. நாகை மாவட்டத்து இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் போட்ட வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்குக் கடிவாளம் போட்டது. 2005-ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் அந்த ஆணையமும் அதன் தொடர்ச்சி.

நீர்வளத்துறை மறுத்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வடிகால். உப்பனாறு வயல் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டு போகும் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் ஆகாயத்தாமரை பெருங்கட்டாக மிதந்து வரும். நீரோட்டத்துக்குக் குறுக்கே நட்ட கம்பில் அது தங்கினால் கம்புச் சட்டமும் போகும், மேலே உள்ள வயலிலும் தண்ணீர் நிற்கும். அதனால் வரைபடத்திலேயே சட்டங்களை ஓட்டத்துக்கு இணையாகப் போட்டு, வரிசைக்கு வரிசை படகு போகும் இடைவெளி விட்டு, ‘வடகிழக்குப் பருவமழைக்கு முன் சட்டங்களைக் கழற்றிக் கரையேற்றுவோம்’ என்ற உறுதிமொழியும் இணையுங்கள். உங்களுக்கும் அதுதான் நல்லது. வெள்ளத்தில் தண்ணீர் நன்னீராகி நாள்கணக்கில் நின்றால் சிப்பி செத்துப்போகும். கொள்ளிட முகத்துவாரத்தில் இடம் தேடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2018, 2022 ஆகஸ்டுகளில் மேட்டூர் நிரம்பி வந்த வெள்ளம் போல, இங்கே மழையே இல்லாத மாதத்திலும் அங்கே நன்னீர் வரலாம். நாகையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ பரங்கிப்பேட்டையில் உள்ள கடல் உயிரியல் உயராய்வு மையத்திலோ உப்பளவும் நுண்ணுயிர்ச் சோதனையும் செய்து அறிக்கை இணைத்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

ஆணையப் பதிவு பற்றி: 2023-இல் திருத்தப்பட்ட பிறகு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இருபுற ஓட்டுச் சிப்பி வளர்ப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் முன்பு சிறைத்தண்டனை வரை இருந்தது. திருத்தத்தில் அது நீங்கி அபராதமாகிவிட்டது என்பதற்காக அலட்சியம் வேண்டாம். பதிவில்லாத குழுவுக்கு மானியம் கிடைப்பது கடினம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மகளிருக்கு 60 விழுக்காடு, பொதுப் பிரிவுக்கு 40 விழுக்காடு என்று விகிதம் இருப்பதால், உங்கள் குழுவுக்கு அது சிறிய விஷயம் இல்லை.

ஆணை கிடைத்ததும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். வருவாய்த்துறை ஆணைகள் பசலி ஆண்டுக் கணக்கில் வரும். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். தை, மாசியில் சரம் இறக்கினால் ஜூன் கடைசியில் சிப்பி அரைகுறை வளர்ச்சியில் இருக்கும், குத்தகை முடிந்துவிடும். ஆகவே மனுவிலேயே, அறுவடையை ஒட்டிய முடிவுத் தேதியையும், ஆணையப் பதிவோடு ஒத்துப்போகும் ஐந்து ஆண்டுக் காலத்தையும் கேளுங்கள். வெள்ளத்தில் பயிர் அழிந்தால் அந்த ஆண்டுக் குத்தகைத் தொகையில் தள்ளுபடி கேட்கும் உரிமை, முடிவுக்குப் பின் சட்டங்களை அகற்றக் குறைந்தது 60 நாள் அவகாசம், கம்புச் சட்டத்தில் வளரும் சிப்பி குத்தகைதாரருக்கே சொந்தம் என்ற வாசகம், இவை மூன்றும் இருக்க வேண்டும். கடைசி வாசகம் திருட்டு நடக்கும் நாளில் பயன்படும். திறந்த ஆற்றில் நீந்தும் மீன் யார் வசமும் இல்லை, உங்கள் சரத்தில் ஒட்டிய சிப்பி உங்கள் வசம் இருக்கிறது. வசத்தில் இருக்கும் பொருளை எடுத்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதா 303-ஆம் பிரிவின்படி திருட்டு ஆகும். குத்தகை குழுவின் பெயரில் இருக்கட்டும். உள்குத்தகை விட்டால் ரத்தாகும் என்ற நிபந்தனை அநேகமாக எல்லா ஆணையிலும் இருக்கும்.

விற்பனைக்கு: பண்ணையில் எடுத்ததை ஓட்டோடு விற்கும்வரை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18(3) பிரிவு மீனவருக்கும் நீர்வாழ் வளர்ப்புக்கும் விலக்கு தருகிறது. ஓட்டை உடைத்துச் சதை எடுத்துப் பொட்டலம் போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். உங்கள் மாமனாரின் பட்டா நிலம் இதற்குத்தான் உதவும். அங்கே சிப்பிச் சுத்திகரிப்புத் தொட்டியும் கொட்டகையும் போடுவதற்கு முன் அதுவும் சி.ஆர்.இசட். தடைப்பகுதிக்குள் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு கொடுத்து 60 நாள் கடந்தும் அசைவில்லை என்றால், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ‘எங்கள் மனு எந்த அலுவலர் மேசையில் எந்தத் தேதி முதல் இருக்கிறது’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்குப் பின்னும் நகராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. உங்கள் மாவட்டத்துக்குச் சென்னை அமர்வு. தஞ்சை மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். குத்தகை கொடு என்று நீதிமன்றம் உத்தரவிடாது, குறிப்பிட்ட வாரத்துக்குள் மனுவைப் பரிசீலித்து ஆணையிடு என்றுதான் சொல்லும். பெரும்பாலும் அதுவே போதும்.

ரூ.30,000 பற்றி: செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டம் 65-ஆம் பிரிவு. வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வழக்குக்கு முன் ஊர்க்கூட்டத்திலேயே பேசிப் பாருங்கள். பணத்தைத் திருப்பித் தர மனமில்லை என்றால், அதற்குப் பதிலாக ‘இந்த இடத்தில் மகளிர் குழு சிப்பி வளர்ப்பதில் எங்கள் மீன்பிடிப்புக்கும் படகு வழிக்கும் இடையூறு இல்லை, ஆட்சேபணை இல்லை’ என்று மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் தீர்மானமும் கிராம சபைத் தீர்மானமும் வாங்கித் தரச் சொல்லுங்கள். ஆட்சியர் அலுவலகக் கோப்பில் அந்த இரண்டு தாளும் ரூ.30,000-க்கு மேல் பெறும்.